ஐபிவி6-க்கு நேம் சர்வர்களைத் தயார்ப்படுத்துதல்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது?

ஸோன்_காப்பாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் நிறுவனத்தின் டொமைன்களுக்கான நேம் சர்வர்களை (பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களை) நாங்களே நடத்தி வருகிறோம். முதன்மை ஒன்று, துணை ஒன்று. இரண்டிலும் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் இயங்குகிறது. இவை தவிர, அலுவலகக் கணினிகளின் தேடல்களுக்காக அன்பவுண்ட் மென்பொருள் இயங்கும் ரிசால்வர் (பெயர்களைத் தேடித் தரும் சர்வர்) ஒன்றும் தனியாக உள்ளது. இணைய சேவை நிறுவனம் எங்களுக்கு /48 அளவில் (முதல் 48 பிட் மாறாத) ஒரு ஐபிவி6 முகவரித் தொகுதியை ஒதுக்கியிருக்கிறது; ரௌட்டர் வரை அது வந்து சேர்ந்தும் விட்டது. இணையதளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் ஐபிவி6 கொடுப்பதற்கு முன்பே நேம் சர்வர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று முடிவாகியுள்ளது.

ஏஏஏஏ பதிவு (ஒரு பெயரின் ஐபிவி6 முகவரி) ஒன்றை ஸோன் கோப்பில் (டொமைனின் பதிவுகள் அடங்கிய கோப்பில்) எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். தெரியாதது வேலைகளின் வரிசைதான். எந்தப் படியை அவசரப்பட்டுச் செய்தால் இப்போது ஐபிவி4 வழியாக வருபவர்களும் பாதிக்கப்படுவார்கள்? ஐபிவி6-க்கென்று தனி சர்வர் நிறுவ வேண்டுமா, இருக்கும் சர்வர்களிலேயே இரண்டு முகவரிகளையும் வைத்துக்கொள்ளலாமா? ரிசால்வரையும் இதே சமயத்தில் மாற்றியாக வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தொடர்பு53

இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துவிடுங்கள். ஸோனுக்குள் ஐபிவி6 முகவரியை எழுதி வைப்பது ஒன்று. நேம் சர்வரையே ஐபிவி6 வழியாக அணுக முடியும்படி செய்வது இன்னொன்று. ஐபிவி4 மட்டுமே உள்ள சர்வர்கூட ஏஏஏஏ பதிவைக் குறையின்றி வழங்கும். அதே போல ஐபிவி6 வழியாக வந்த கேள்விக்கு ஐபிவி4 முகவரியான ஏ பதிவைப் பதிலாகக் கொடுப்பதிலும் எந்தத் தடையும் இல்லை. எந்த வழியாகக் கேள்வி வந்தது என்பதைப் பார்த்துப் பதிலை மாற்றக் கூடாது என்பது 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3596 என்ற இணையத் தர ஆவணத்திலேயே இருக்கிறது. முதல் விஷயம் ஐந்து நிமிட வேலை. உங்கள் கேள்வி முழுவதும் இரண்டாவதைப் பற்றியது.

தனி சர்வர் வேண்டாம். இருக்கும் இரண்டிலும் ஐபிவி4 முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு ஐபிவி6 முகவரியைக் கூடுதலாகச் சேருங்கள். ஒவ்வொரு ஸோனுக்கும் ஐபிவி4 வழியே எட்டக்கூடிய நேம் சர்வர் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3901 வலியுறுத்துகிறது. உலகில் ஐபிவி4 மட்டுமே அறிந்த ரிசால்வர்கள் இன்னும் ஏராளம் என்பதால் அந்த அறிவுரைக்கு இன்றும் தேவை இருக்கிறது.

சர்வருக்கு நீங்களே தேர்ந்தெடுத்த நிலையான முகவரியைக் கொடுங்கள். ரௌட்டர் அறிவிப்பைக் கேட்டுக் கணினி தானாக உருவாக்கிக்கொள்ளும் முகவரி, நெட்வொர்க் கார்டை மாற்றினால் மாறிவிடக்கூடும். தனியுரிமைக்காக அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரிகளோ நேம் சர்வருக்குச் சிறிதும் ஒவ்வாதவை. ஒரே சர்வரில் நிலையான முகவரியும் தானாக உருவானதும் சேர்ந்து இருந்தால் வேறொரு சிக்கலும் உண்டு. வெளியே செல்லும் பாக்கெட்டுக்கு எந்த முகவரியை இடுவது என்று இயங்குதளம்தான் முடிவு செய்கிறது. ஸோன் மாறிவிட்டது என்று உங்கள் முதன்மை சர்வர் அனுப்பும் நோட்டிஃபை செய்தி, துணை சர்வர் அறியாத ஒரு முகவரியிலிருந்து போய்ச் சேரலாம். எனவே தானியங்கி முகவரியை அந்த சர்வர்களில் நிறுத்திவிடுங்கள். பைண்டில் நோட்டிஃபை-சோர்ஸ்-வி6, டிரான்ஸ்பர்-சோர்ஸ்-வி6 ஆகிய இரண்டு அமைப்புகளிலும் நிலையான முகவரியைக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது அனுமதிப் பட்டியல்கள். உங்கள் நேம் சர்வருக்கு ஏஏஏஏ பதிவு ஸோனில் ஏறிய நொடியிலிருந்து, பைண்ட் அந்த முகவரிக்கும் நோட்டிஃபை அனுப்பத் தொடங்கும். இதற்கு நீங்கள் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. துணை சர்வரின் பட்டியலில் முதன்மையின் ஐபிவி4 முகவரி மட்டுமே இருந்தால், அந்தச் செய்தியை அது மறுத்து லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நகரும். ஐபிவி4 வழி சீராக இருக்கும்வரை யாருக்கும் பாதிப்பு தெரியாது, அந்த வழி அடைபடும் நாளில்தான் தெரியும். முகவரியை மட்டும் நம்பாமல் டிசிக் சாவியை (இரு சர்வர்களும் பகிரும் ரகசியச் சாவியை) கொண்டு ஸோன் பரிமாற்றத்துக்கும் (துணை சர்வர் ஸோனை நகலெடுப்பதற்கும்) நோட்டிஃபைக்கும் அனுமதி கொடுத்தீர்களானால், அவை இரண்டிலும் முகவரியின் வகை ஒரு பொருட்டாகாது.

சர்வர் மறுபடி தொடங்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் ஒரு முறை உட்கார்ந்து கவனியுங்கள். ஐபிவி6 முகவரி ஒன்றை இடைமுகத்தில் வைத்தவுடனே அது பயன்பாட்டுக்கு வந்துவிடுவதில்லை. அதே முகவரியை அந்த வலைப்பின்னலில் வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று இயங்குதளம் முதலில் கேட்டுப் பார்க்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் முகவரி இன்னும் உறுதியாகாத நிலையில் இருக்கும். அந்தக் கணத்தில் நேம் சர்வர் மென்பொருள் எழுந்துவிட்டால், டிஎன்எஸ்-க்கான போர்ட் 53-ஐ அந்த முகவரியில் பிடிக்க முடியாமல் ஐபிவி4-இல் மட்டும் இயங்கத் தொடங்கலாம், அல்லது தொடங்காமலே நின்றுவிடலாம். என்எஸ்டி போன்ற நேம் சர்வர் மென்பொருள்களில் இதற்கென்றே ஐபி-ஃப்ரீபைண்ட் என்ற தெரிவு உண்டு. பைண்ட் இடைமுகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், வலைப்பின்னல் முழுமையாகத் தயாரான பிறகே சேவை தொடங்கும்படி அமைப்பதுதான் நிம்மதி.

இவையெல்லாம் முடிந்து, வெளியே உள்ள ஒரு ஐபிவி6 இணைப்பிலிருந்து இரண்டு சர்வர்களையும் யுடிபி, டிசிபி இரண்டிலும் கேட்டுப் பார்த்துச் சரியான பதில் வந்த பிறகு, நேம் சர்வர் பெயர்களுக்கான ஏஏஏஏ பதிவுகளை உங்கள் ஸோனில் எழுதுங்கள். ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்திடம்) க்ளூ பதிவை, அதாவது காம் போன்ற தாய் ஸோனில் இருக்கும் உங்கள் நேம் சர்வர் முகவரியை, சேர்ப்பது இவை எல்லாவற்றுக்கும் கடைசி. காரணம் எளிது: உங்கள் ஸோனில் எழுதியதை டிடிஎல் (பதிலை ரிசால்வர் நினைவில் வைக்கும் காலம்) மதிப்பைக் குறைத்து வைத்துச் சில நிமிடங்களில் திரும்பப் பெறலாம், தாய் ஸோனில் ஏறியது உங்கள் கையில் இல்லை. காம் ஸோனில் அந்தப் பதிவுகளின் டிடிஎல் 172800 நொடிகள், அதாவது முழுதாக 2 நாட்கள்.

ஐபிவி4 வழியாக வருபவர்கள் பாதிக்கப்படுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஐபிவி4 மட்டுமே உள்ள ரிசால்வர் ஏஏஏஏ க்ளூவைப் பெற்றாலும் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. இரண்டும் உள்ள ரிசால்வர்தான் பாதிப்புக்கு ஆளாகும். எட்ட முடியாத ஐபிவி6 முகவரியை நீங்கள் அறிவித்திருந்தால், அது முதலில் அங்கே கேட்டு, காத்திருந்து, பிறகுதான் மற்ற முகவரிக்குத் திரும்பும். தளம் திறந்துவிடும், ஆனால் தாமதமாக. அதுவும் எல்லா நேரமும் அல்ல. இப்படிப்பட்ட புகாரை ஆராய்வது எவ்வளவு சலிப்பான வேலை என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும்.

பாக்கெட்_நோக்கர்

மேலே சொன்ன வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாக்கெட்டின் அளவைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஐபிவி6-இல் நேம் சர்வர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான்.

டிஎன்எஸ் பதிலில் ஒரு ஏ பதிவு, பெயர் சுருக்கப்பட்ட நிலையில், 16 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஏஏஏஏ பதிவு 28 பைட். ரூட் சர்வர்களின் பட்டியலைக் கேட்டால் வரும் பதிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 பெயர்களும் அவற்றின் ஐபிவி4 முகவரிகளும் சேர்ந்து 436 பைட். பழைய யுடிபி வரம்பான 512-க்குள் அது அடங்கியது. 13 பெயர்களுக்கும் ஏஏஏஏ சேர்த்தால் 364 பைட் கூடி 800 ஆகிறது. பெரிய பதில்களுக்கு வழி செய்யும் ஈடிஎன்எஸ் குறிப்பையும் சேர்த்தால் 811. இதனால்தான் ரூட் சர்வர்களுக்கு ஐபிவி6 முகவரிகளைச் சேர்ப்பதற்கு முன் நீண்ட ஆய்வு தேவைப்பட்டது. 2008 பிப்ரவரி 4 அன்று முதலில் ஆறு ரூட் சர்வர்களுக்கு மட்டும் ஏஏஏஏ சேர்க்கப்பட்டது. இன்று 13-க்கும் உண்டு.

பதில் உண்மையானது என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்துகளும் சேர்ந்தால் பதில் இதைவிட மிகப் பெரிதாகும். ஐபிவி4-இல் பெரிய பாக்கெட்டை வழியில் உள்ள ரௌட்டர் துண்டாக்கி அனுப்பலாம். ஐபிவி6-இல் ரௌட்டர் துண்டாக்குவதில்லை. பாக்கெட் பெரிது என்று ஐசிஎம்பிவி6 செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கைவிட்டுவிடும். நேம் சர்வரோ யுடிபியில் பதிலை அனுப்பியவுடன் அந்தக் கேள்வியை மறந்துவிட்டிருக்கும். அந்தச் செய்தி வந்தாலும் அதே பதிலை மறுபடி அனுப்புவதற்கு அதனிடம் எதுவும் மிச்சமில்லை. அனுப்பும் கணினியே துண்டாக்கி அனுப்பினாலும், துண்டுகளைப் பார்த்தவுடன் தூக்கி எறியும் ஃபயர்வால்கள் வழியெங்கும் உள்ளன.

ஆகவே பதிலைத் துண்டாக்கவே தேவையில்லாத அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐபிவி6 இணைப்பு எதுவானாலும் 1280 பைட் பாக்கெட்டைக் கடத்தியாக வேண்டும். அதில் ஐபிவி6 தலைப்பு 40, யுடிபி தலைப்பு 8 போக மிஞ்சுவது 1232. 2020 அக்டோபர் 1-ஐ ஒட்டி நடந்த டிஎன்எஸ் ஃபிளாக் டே முயற்சியில் பரிந்துரைக்கப்பட்ட அளவும் இதுவே. பைண்டில் ஈடிஎன்எஸ்-யுடிபி-சைஸ், மேக்ஸ்-யுடிபி-சைஸ் இரண்டையும் 1232 ஆக வையுங்கள். புதிய பதிப்புகளில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். அதைவிடப் பெரிய பதில் என்றால், சர்வர் துண்டிப்புக் குறியை இட்டு அனுப்பும்; கேட்டவர் டிசிபியில் மறுபடி வருவார். அதற்காக டிசிபி போர்ட் 53 திறந்திருக்க வேண்டும். டிசிபி என்பது ஸோன் பரிமாற்றத்துக்கு மட்டும்தான் என்று எண்ணி அதை மூடி வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7766 அதற்கு இடமே வைக்கவில்லை.

ஃபயர்வாலில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைக்கும் வழக்கத்தை ஐபிவி6-க்குக் கொண்டுவராதீர்கள். பாக்கெட் பெரிது என்னும் வகை 2 செய்தியைத் தடுத்தால் மேலே சொன்ன டிசிபி இணைப்புகளே தொங்கிவிடும். பக்கத்துக் கணினியைக் கண்டறியும் செய்திகளைத் தடுத்தால் சர்வர் தன் சொந்த வலைப்பின்னலிலேயே பேச முடியாது. எவற்றை அனுமதிக்க வேண்டும் என்பதை ஆர்எஃப்சி 4890 வகைவாரியாகச் சொல்கிறது.

இரட்டை_அடுக்கு

தொடர்பு53 அவர்களின் ஒரு கருத்தில் மட்டும் எனக்கு ஐயம் உண்டு. இருக்கும் நேம் சர்வர் பெயர்களுக்கே ஏஏஏஏ சேர்ப்பதைவிட, ஐபிவி6 முகவரி மட்டும் கொண்ட மூன்றாவது பெயர் ஒன்றை உருவாக்கி முதலில் அதை அறிவிக்கலாமே? பிரச்சினை வந்தால் அந்தப் பெயரை மட்டும் நீக்கினால் போதும். பழைய இரண்டையும் தொடவே வேண்டியதில்லை.

தொடர்பு53

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் இலாபம் குறைவு. நீக்குவதற்கும் அதே தாய் ஸோன் வழியாகத்தான் போக வேண்டும், அதே 2 நாள் காத்திருப்பு அதற்கும் உண்டு. ஐபிவி4 மட்டும் உள்ள ரிசால்வர்கள் அந்தப் பெயருக்கு ஏ பதிவு உண்டா என்று தேடி வீணாக ஒரு கேள்வி கேட்கக்கூடும். தாய் ஸோன் தரும் ஒவ்வொரு பரிந்துரைப் பதிலிலும் ஒரு பெயரும் ஒரு முகவரியும் கூடுதலாக ஏறும். சோதித்துப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அதிகம் பயன்படாத டொமைன் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளேயே புதிய பெயர்களில் நேம் சர்வர்களை வைத்து, அதே இரண்டு கணினிகளின் ஐபிவி4, ஐபிவி6 முகவரிகளையும் அந்தப் பெயர்களுக்குக் கொடுத்துச் சில வாரங்கள் ஓட விடுங்கள். லாக்கைப் பார்த்தால் ஐபிவி6 வழியாக யார் வருகிறார்கள், டிசிபிக்கு எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்பது தெளிவாகும். முக்கியமான டொமைன்களின் நேம் சர்வர் பெயர்களுக்கு அதுவரை ஏஏஏஏ வேண்டாம்.

அஞ்சல்_வழி

மின்னஞ்சலும் உங்கள் திட்டத்தில் இருப்பதால் முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் தலைகீழ்த் தேடலைப் பற்றிச் சொல்கிறேன். ஐபிவி6 முகவரியின் தலைகீழ்ப் பெயர் ஐபி6.ஆர்பா என்பதன் கீழ் வருகிறது, முன்பிருந்த ஐபி6.இன்ட் 2005-இலேயே கைவிடப்பட்டது. பழைய குறிப்புகளில் அதைப் பார்த்தால் கடந்து செல்லுங்கள். ஏ6 பதிவு வகையைப் பார்த்தாலும் அப்படியே.

உங்கள் தொகுதி 2001:டிபி8:1::/48 என்று வைத்துக்கொள்வோம். விடுபட்ட பூச்சியங்களை நிரப்பினால் முதல் 48 பிட் 2001:0டிபி8:0001 ஆகும். அதில் 12 இலக்கங்கள். அவற்றைப் பின்னிருந்து முன்னாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்து எழுதினால் ஸோனின் பெயர் கிடைக்கும்: 1.0.0.0.8.பி.டி.0.1.0.0.2.ஐபி6.ஆர்பா. அந்த ஸோனுக்குள் 2001:டிபி8:1::53 என்ற சர்வருக்கு மீதமுள்ள 20 இலக்கங்களை எழுத வேண்டும். அதாவது 3, பிறகு 5, அதன் பின் 18 பூச்சியங்கள். இந்தப் பூச்சியங்களை விரல்விட்டு எண்ணாதீர்கள். ஒன்று குறைந்தாலும் ஸோன் பிழையில்லாமல் ஏறும், தேடல் மட்டும் கிடைக்காது. பைண்டுடன் வரும் ஆர்பாநேம் கருவி முழுப் பெயரையும் எழுதித் தரும். டிஎன்எஸ் தேடலுக்கான டிக் கட்டளையின் -எக்ஸ் தெரிவைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஸோனை உங்கள் நேம் சர்வர்களுக்கு ஒப்படைக்கும்படி இணைய சேவை நிறுவனத்தை இப்போதே கேளுங்கள். ரெஜிஸ்ட்ராரிடம் செய்யும் மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெரும்பாலும் இதுவே தாமதமாகும். பிடிஆர் பதிவு (தலைகீழ்த் தேடலுக்கான பதிவு) இல்லாத ஐபிவி6 முகவரியிலிருந்து வரும் அஞ்சலை ஜிமெயில் ஏற்பதில்லை.  அஞ்சல் அனுப்ப அனுமதி உள்ள முகவரிகளைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் ஐபி6 முகவரியைச் சேர்க்கவும் மறக்க வேண்டாம். அலுவலகக் கணினிகள் அனைத்துக்கும் பிடிஆர் எழுத முயல வேண்டாம்; ஒரு /64-க்குள் இருக்கும் முகவரிகளை எழுதி முடிக்கும் ஸோன் கோப்பு எந்த வட்டிலும் அடங்காது. சர்வர்களுக்கு மட்டும் போதும்.

ஸோன்_காப்பாளர்

அனைவருக்கும் நன்றி. தானியங்கி முகவரியை நிறுத்திவிட்டு, டிசிக் சாவிக்கு மாறி, வெளியிலிருந்து டிக் கட்டளையை -6 தெரிவுடன் இயக்கிப் பார்த்தேன். இரண்டு சர்வர்களும் யுடிபி, டிசிபி இரண்டிலும் பதில் தருகின்றன. ஆனால் புதிதாக ஒன்று தென்படுகிறது. எங்கள் துணை டொமைன் ஒன்றைப் பளு பகிரும் கருவி ஒன்றுக்கு ஒப்படைத்திருக்கிறோம். அந்தக் கருவியே அதற்கு டிஎன்எஸ் பதிலும் தருகிறது. ஏ பதிவைக் கேட்டால் சரியான முகவரி வருகிறது. ஏஏஏஏ கேட்டால் என்எக்ஸ்டொமைன் வருகிறது. அங்கே ஐபிவி6 முகவரி இல்லை என்பதால் இது சரிதான் என்று கருவியை விற்றவர்கள் சொல்கிறார்கள். ரிசால்வரைப் பற்றியும் யாராவது சொன்னால் நன்று. அலுவலகத்தின் ஒரு பகுதியைப் பிற்பாடு ஐபிவி6 மட்டுமே உள்ள வலைப்பின்னலாக மாற்றும் எண்ணமும் இருக்கிறது.

இரட்டை_அடுக்கு

அவர்கள் சொல்வது சரியல்ல. என்எக்ஸ்டொமைன் என்றால் அந்தப் பெயரே இல்லை என்று பொருள்; இந்த வகைப் பதிவு மட்டும் இல்லை என்று சொல்வதற்கு, பிழையற்ற நிலைக் குறியுடன் வெற்றுப் பதிலை அனுப்பி, ஸோனின் அடிப்படை விவரங்களைக் கொண்ட எஸ்ஓஏ பதிவையும் இணைக்க வேண்டும். இந்த வேறுபாடு இலக்கண நுணுக்கம் அல்ல. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308-இன்படி, ரிசால்வர் என்எக்ஸ்டொமைனைப் பதிவு வகைக்காக அல்லாமல் பெயருக்காகவே நினைவில் வைத்துக்கொள்ளும். யாரோ ஒருவரின் கணினி ஏஏஏஏ கேட்டு அந்தப் பதிலைப் பெற்றுவிட்டால், அதே ரிசால்வரைப் பயன்படுத்தும் மற்றவர்கள் ஏ கேட்டாலும் பெயர் இல்லை என்றே பதில் வரும். தளம் சிலருக்குச் சில நேரம் காணாமல் போகும். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4074 இந்தக் கோளாறைத் தெளிவாகப் பெயர் சொல்லிக் கண்டித்திருக்கிறது. அதைக் காட்டி மென்பொருள் திருத்தம் கேளுங்கள். இன்றைய இயங்குதளங்கள் ஏ, ஏஏஏஏ இரண்டையும் சேர்த்தே கேட்பதால், நீங்கள் ஐபிவி6-க்கு மாறாவிட்டாலும் இந்தக் கோளாறு உங்களைத் தாக்கிக்கொண்டுதான் இருக்கும்.

ரிசால்வரை இதே சமயத்தில் மாற்ற வேண்டியதில்லை, அது தனி வேலை. மாற்றும்போது கவனிக்க வேண்டியது அணுகல் கட்டுப்பாடு. அன்பவுண்ட் தன் கணினியைத் தவிர வேறு யாருக்கும் இயல்பாகப் பதில் தராது; உங்கள் பட்டியலில் ஐபிவி4 வரம்புகள் மட்டும் இருந்தால் ஐபிவி6 வழியாக வரும் அலுவலகக் கணினிகள் மறுக்கப்படும். அந்த அவசரத்தில் ::/0 என்று எழுதி எல்லோரையும் அனுமதிப்பவர்கள் உண்டு. அது உலகுக்கே திறந்த ரிசால்வராகி, பிறரைத் தாக்குவதற்குப் பயன்படும். உங்கள் /48-ஐ மட்டும் எழுதுங்கள். ரிசால்வரின் முகவரியைக் கணினிகளுக்குத் தெரிவிக்க ரௌட்டர் அறிவிப்பிலேயே ஆர்டிஎன்எஸ்எஸ் தெரிவைச் சேருங்கள். கணினிகளுக்கு அமைப்புகளை வழங்கும் டிஎச்சிபிவி6 ஒன்றையே நம்பினால் ஆண்ட்ராய்டு கருவிகள் விடுபட்டுப் போகும்.

ஐபிவி6 மட்டுமே உள்ள பகுதிக்கு டிஎன்எஸ்64 தேவைப்படும். ஏஏஏஏ இல்லாத பெயருக்கு, ஏ பதிவிலிருந்து அது ஒரு ஏஏஏஏ-வைப் புனைந்து தரும், 192.0.2.33 என்பது 64:எஃப்எஃப்9பி::192.0.2.33 ஆகும், அந்த முகவரிக்குச் செல்லும் போக்குவரத்தை நாட்64 கருவி ஐபிவி4-ஆக மாற்றும். அன்பவுண்டில் இது ஒரு மாட்யூல். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை அந்த ரிசால்வரிலேயே செய்யுங்கள். பயனர் கணினி தானே சரிபார்க்க முயன்றால் புனையப்பட்ட பதிவுக்குக் கையெழுத்து இருக்காது. உங்கள் பயனர்கள் ஐபிவி6 மட்டும் கொண்டிருந்தாலும், ரிசால்வருக்கு ஐபிவி4 இணைப்பு இருந்தே ஆக வேண்டும். ஐபிவி4-இல் மட்டும் எட்டக்கூடிய நேம் சர்வர்கள் உள்ள டொமைன்களை அது வேறு எப்படித் தேடும்?

பாக்கெட்_நோக்கர்

க்ளூவைச் சேர்க்கும் முன் கண்காணிப்பையும் மாற்றிவிடுங்கள். நேம் சர்வரின் பெயரைக் கொடுத்துச் சோதிக்கும் கருவி, ஐபிவி6 செத்துப்போனாலும் ஐபிவி4 வழியாகப் பதில் பெற்று எல்லாம் நலம் என்றே காட்டும். உலகில் உள்ள ரிசால்வர்களும் ஓசையில்லாமல் மற்ற முகவரிக்குத் திரும்பிவிடுவதால் புகார்களும் உடனே வராது. நான்கு முகவரிகளையும் தனித்தனியே, ஒவ்வொன்றிலும் யுடிபி ஒன்று, டிசிபி ஒன்று என்று எட்டுச் சோதனைகளாக வையுங்கள். முதன்மையிலும் துணையிலும் எஸ்ஓஏ வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அதே சோதனையில் ஒப்பிடுங்கள். பதில்களுக்கு வேக வரம்பு வைத்திருந்தால், ஐபிவி6-இல் அது தனி முகவரிக்கு அல்லாமல் முகவரியின் முற்பகுதியான முன்னொட்டுக்குத்தான் கணக்காகும். பைண்டின் இயல்பு /56. ஒரே /56-க்குள் இருந்து பல சோதனைக் கருவிகள் அடிக்கடி கேட்டால், அந்த வரம்பில் சிக்கிப் பொய்யான எச்சரிக்கை வரும். கண்காணிப்புக் கருவிகளின் முன்னொட்டை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.